குறுக்கே ஓடியவர் – கடிதம்

ஐயா, வணக்கம்.

மெல்பர்னின் கிழக்குப் புறநகர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். இங்கே வந்து 16 வருடம் ஆகிறது. பயிற்சியைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஜிம் ஸ்டைன்ஸ் என்ற ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) வீரரைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதை என் மகனுக்கு வாசித்துக் காட்டினேன்.

மகனுக்கு 14 வயது. மூன்று வருடமாக உள்ளூர் கிளப்பில் ஆடுகிறான். வாரம் இரண்டு நாள் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். மற்ற நாட்களில் வீட்டுக்குப் பின்னால் தனியாக உதைத்துக்கொண்டிருப்பான். ஆனாலும் நேற்று சேர்ந்த பையன்கள் அவனைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சீசன் பாதியில் கோச் என்னைக் கூப்பிட்டு, "நல்ல உழைப்பாளி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. காரில் வரும்போது மகன், "அப்படின்னா எனக்கு டேலன்ட் இல்லைன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டான். "டேலன்ட் இல்லாதவங்கதான்பா உழைக்கணும்" என்றேன். அவன் பதில் பேசவில்லை.

போன மாதம் மணிக்கட்டு சுளுக்கிய பிறகும் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினான். ஸ்டைன்ஸ் 244 ஆட்டம் விடாமல் ஆடினாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. இந்த நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுக்கலாம் என்கிறாள். நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்தான் சரிப்படும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். உழைப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு தூரம் போக முடியும்? ஸ்டைன்ஸ் ஒரு கோப்பைகூட வாங்கவில்லை என்று படித்தேன். 1987-ல் அவர் செய்த தவறால்தான் அணி தோற்றது என்றும் படித்தேன். அப்படிப்பட்டவரை ஏன் உதாரணமாகச் சொன்னீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் யாரா ஆற்றின் வடகரையில் ஜிம் ஸ்டைன்ஸ் பாலத்தில் நடந்துவிட்டு வந்திருந்தேன். டாக்லாண்ட்ஸ் பக்கம் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். அது ஆற்றைக் கடக்கும் பாலம் இல்லை. கரையை ஒட்டி, தண்ணீருக்கு மேலே, பெரிய சாலைப் பாலத்தின் அடியில் நுழைந்து போகிறது. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும். அதில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் ஞாபகம் வரும். அன்றைக்கும் அவரை நினைத்துக்கொண்டேதான் வீடு திரும்பினேன். வந்து பார்த்தால் உங்கள் கடிதம்.

முதலில் ஒன்றிரண்டைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். கணக்குப் பாடம் வேண்டியதுதான், படிக்கட்டும். ஃபுட்டி ஆடுவதால் எந்தப் பையனுக்கும் கணக்கு வராமல் போவதில்லை. நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்தான் என்ற பேச்சை நான் மதிப்பதில்லை. உங்கள் மகன் பிறந்து வளர்ந்த ஊரில் குளிர்காலம் முழுக்கப் பையன்கள் ஆடும் ஆட்டம் இது. அவனுடைய ஆட்டம்.

கோப்பையையும் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், ஸ்டைன்ஸ் வாங்கவில்லை. 1988-ல் இறுதிப் போட்டிவரை போனார்கள். ஹாதார்ன் அணியிடம் 96 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். அதுவரை எந்த இறுதிப் போட்டியிலும் அவ்வளவு பெரிய தோல்வி இருந்ததில்லை. அவர் ஆடிய மெல்பர்ன் கிளப் 1964-க்குப் பிறகு அடுத்த கோப்பையை 2021-ல்தான் பார்த்தது. நடுவில் 57 வருடம். அந்த 57 வருடத்தில் அங்கே ஆடிய அத்தனை பேரும் வீணாகவா ஆடினார்கள்? பதினெட்டுப் பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் கோப்பையை ஒருவர் தலையில் கட்டிக் கணக்குப் பார்க்காதீர்கள். இதற்கு மேல் இதைப் பேச எனக்கு விருப்பமில்லை.

என்னை உறுத்தியது காரில் நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி.

"டேலன்ட் இல்லாதவங்கதான்பா உழைக்கணும்." இதை எப்படிச் சொன்னீர்கள், ர.? பதினான்கு வயதுப் பையன் தன்னைப் பற்றிய பெரிய பயத்தை எடுத்து உங்கள் முன்னால் வைத்திருக்கிறான். நீங்கள் அதற்கு முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆறுதல் சொன்னதாக நினைத்திருப்பீர்கள். அவனுக்கு அது தீர்ப்பாகத்தான் கேட்டிருக்கும். அதனால்தான் பதில் பேசவில்லை.

எனக்கு இந்தத் தீர்ப்பு பழக்கம். ஒன்பதாம் வகுப்பில் என் தமிழாசிரியர் என் அப்பாவிடம், "பையன் நல்ல உழைப்பாளிதான், ஆனா..." என்று இழுத்தார். அந்த ஆனாவுக்குப் பின்னால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. வாக்கியத்தின் மீதியை நானே பல வருடங்கள் பல விதமாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கதை திரும்பி வந்தால் அந்த ஆனா கேட்கும். ஒரு பத்தியை ஆறு முறை திருத்தினால், உண்மையான எழுத்தாளனாக இருந்தால் முதல் முறையே சரியாக வந்திருக்கும், நாம் வெறும் உழைப்பாளிதானே என்று தோன்றும். நாற்பது வயது தாண்டித்தான் அது அடங்கியது. உங்கள் மகனுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம்.

உழைப்பு என்பது திறமை இல்லாத இடத்தை அடைக்கப் போடும் மண் என்று நம்மில் பெரும்பாலானவர்கள் நம்புகிறோம். நான் நம்பவில்லை. ஏன் என்று சொல்ல ஸ்டைன்ஸைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வரியில் எழுதியது தப்பு. இப்போது கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவர் டப்ளின்காரர். 1966-ல் பிறந்தவர். அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் நன்றாக ஆடி, 1984-ல் டப்ளின் இளையோர் அணியோடு அகில அயர்லாந்துப் பட்டமும் வென்றவர். அங்கே அந்த ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது, எல்லோரும் ஊருக்காக ஆடுகிறவர்கள். அப்போது மெல்பர்ன் கிளப்பின் பயிற்சியாளர் ரான் பராஸி. இரண்டு ஆட்டங்களும் தூரத்து உறவு என்பதால் அயர்லாந்துப் பையன்களைக் கொண்டுவந்து பழக்கினால் என்ன என்று கிளப் நினைத்தது. படிப்புக்கு உதவித்தொகை என்று சொல்லி விளம்பரம் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக் கிளம்பி வந்தவர் இந்தப் பதினெட்டு வயதுப் பையன். ஆறரை அடி உயரம்.

வந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் உங்கள் மகனிடம் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். கேலிக் கால்பந்தில் பந்து உருண்டை. உருண்டைப் பந்தைக் கையிலிருந்து எப்படி விட்டாலும் அது காலில் ஒரே மாதிரிதான் வந்து விழும். அதற்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்று ஒன்று இல்லை. ஃபுட்டி பந்து இரண்டு முனை உள்ள நீள்பந்து. உதைக்கிற கால் பக்கத்துக் கை அதைக் கடைசி நொடிவரை கூட்டிக்கொண்டுபோய்க் கீழே விட வேண்டும். முனை நிமிர்ந்தபடி விழ வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் போதும், பந்து எங்கோ போய்விடும். இங்கே பிறந்த பையன்களுக்கு இந்தக் கை நாலைந்து வயதில் பூங்காவில் வந்துவிடுகிறது. எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் தெரியாது என்பார்கள்.

ஸ்டைன்ஸுக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் பதினெட்டு வயதில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டவர் அவர். அதைவிடப் பெரிய வேலை பழையதை மறப்பது. உருண்டைப் பந்து அவர் உடம்புக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனையும் அவர் கூடவே விமானம் ஏறி வந்திருந்தது. இங்கே அதில் பாதி தப்பு. ஊரில் பேர் வாங்கிய ஆட்டக்காரர் இன்னொரு ஊரின் மைதானத்தில் எல்லோரும் பார்க்க, சின்னப் பையனுக்குத் தெரிந்தது தெரியாமல் நிற்பது எப்படி இருந்திருக்கும்? பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் அணியில் போட்டார்கள். 1986-ல் கீழ்மட்டப் போட்டியில் இருந்த பிரான் கிளப்புக்கு அனுப்பினார்கள். முதல் அணிக்கு 1987-ல்தான் வந்தார். அயர்லாந்திலிருந்து வந்தவர்களில் பலர் தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இவர் இருந்தார்.

இந்த இருத்தலை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? மோசமாகச் செய்துகொண்டிருக்கும் ஒன்றை, மோசமாகத்தான் செய்கிறோம் என்று தெரிந்தும், மறுநாளும் போய்ச் செய்கிற மனம் எத்தனை பேருக்கு இருக்கிறது? பந்தை அழகாக உதைக்கத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இந்த மனம் அதைவிட அரிது. நான் அதைத் திறமை என்றுதான் சொல்வேன். வேறு சொல் வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இல்லாதவனுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசாக அதைப் பேசாதீர்கள்.

சரி, 1987-க்கு வருகிறேன். நீங்கள் இணையத்தில் படித்தது ஒரு வரி. நான் அதைக் கேட்டது வேறு விதமாக.

நான் இங்கே படிக்க வந்தது 1997-ல். வாரக்கடைசியில் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஆட்டம் முடிந்த பிறகு பார்வையாளர் பகுதியைச் சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. எங்கள் குழுவுக்கு மேற்பார்வையாளராக ஒரு பெரியவர் இருந்தார். இத்தாலியிலிருந்து சிறுவனாக வந்தவர். மெல்பர்ன் கிளப்பின் சிவப்பும் நீலமும் கலந்த கழுத்துத் துண்டை வேலைச் சட்டைக்கு உள்ளே சுற்றியிருப்பார். அந்த வருடம் அந்த அணி பட்டியலில் கடைசி இடம். அதற்கு முந்தைய வருடம்தான் ஹாதார்னோடு கிளப்பையே இணைத்துவிடலாம் என்று பேச்சு எழுந்து, ஓட்டெடுப்பு நடந்து, ஹாதார்ன் உறுப்பினர்கள் வேண்டாம் என்றதால் நின்றிருந்தது. பெரியவருக்கு அது ஆறாத புண். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிடுவார்.

நான் வேகமாகச் செய்பவன். என் வரிசைகள் எல்லோருக்கும் முன்னால் முடிந்துவிடும். முதல் வாரம் அவர் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குனிந்து, ஒரு இருக்கைக்கு அடியில் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த உருளைக்கிழங்குப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். மறுபடியும் முதல் வரிசையிலிருந்து என்றார். இரண்டாவது வாரமும் அதேதான். மூன்றாவது வாரம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதற்கெல்லாமா இவ்வளவு பார்ப்பது என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். மேல் அடுக்கில் நாங்கள் இரண்டு பேர், கீழே விளக்கு பாதி அணைந்த புல்வெளி. அங்கே உட்கார்ந்துதான் 1987-ஐச் சொன்னார். எங்கள் சண்டைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குப் புரியவில்லை.

அரையிறுதிக்கு ஒப்பான ஆட்டம். ஜெயித்தால் இறுதிப் போட்டி. மெல்பர்ன் கிளப் 23 வருடத்துக்குப் பிறகு அந்த வருடம்தான் இந்தக் கட்டத்துக்குள்ளேயே வந்திருந்தது. வேவர்லி மைதானத்தில் ஹாதார்னோடு ஆட்டம். கடைசி நொடிகளில் மெல்பர்ன் 4 புள்ளி முன்னால். ஹாதார்னின் கேரி பக்கனாராவுக்கு ஃப்ரீ கிக் கிடைக்கிறது. கோல் அடித்தால் 6 புள்ளி. ஆனால் தூரம் அதிகம், ஐம்பது மீட்டருக்கும் மேல். அங்கிருந்து உதைத்தால் போய்ச் சேருவது சந்தேகம். மைதானமே நின்றுவிட்டது, ஸ்டைன்ஸ் மட்டும் ஓடினார். ஃப்ரீ கிக் எடுப்பவருக்கும் அவருக்கு எதிரே நிற்கும் ஆளுக்கும் நடுவே யாரும் புகுந்து போகக் கூடாது என்பது விதி. இவர் அதற்குள் குறுக்கே ஓடிவிட்டார். நடுவர் 15 மீட்டர் முன்னால் போகச் சொன்னார். சைரன் அடித்த பிறகு பக்கனாரா உதைத்தார், கோல். ஹாதார்ன் 80, மெல்பர்ன் 78.

உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் ஜான் நார்தி இவரைக் கடிந்துகொண்டார். பையனுக்கு 21 வயது. முதல் அணியில் முதல் வருடம். பிறந்த ஊர் உலகத்தின் மறுகோடியில்.

பெரியவர் அன்றைக்கு வேவர்லியில் இருந்தாராம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அயர்லாந்தைத் திட்டிக்கொண்டு போனார்களாம். இவரும் திட்டியிருக்கிறார். அப்புறம் வீட்டில் மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தபோது ஒன்று தோன்றியதாம். அவன் ஏன் ஓடினான்? யாரும் காவல் இல்லாமல் நின்ற எதிரணி ஆட்டக்காரன் ஒருவனைப் பிடிக்க ஓடினான். இரண்டு மணி நேரம் ஓடியவன் எல்லோரும் நின்ற பிறகும் ஓடினான். சோம்பலாக இருந்திருந்தால் நின்றிருப்பான், அணி ஜெயித்திருக்கும்.

ர., இதைக் கொஞ்சம் யோசியுங்கள். நான் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உழைத்தால் பலன் வரும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அன்றைக்கு அவருடைய உழைப்பே அவரைக் கவிழ்த்தது. அவருக்கு இல்லாதது ஓட்டம் இல்லை. எப்போது நிற்க வேண்டும் என்ற உள்ளறிவுதான். அது இந்த ஆட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு எலும்பில் இருக்கும். பதினெட்டு வயதில் வந்தவன் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் பார்க்கப் பட்டார்.

அடுத்த வருடமே அந்தத் தண்டனையை 15 மீட்டரிலிருந்து 50 மீட்டராக ஆக்கிவிட்டார்கள். இன்றைக்கும் மைதானத்தில் அந்த அபராதம் விழும்போது எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வருவான்.

அவர் அடுத்த சீசனுக்கு வந்தார். விடாமல் ஆடிய 244 ஆட்டம் என்கிறீர்களே, அது 1987 சீசனின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. குறுக்கே ஓடிய அந்த ஆட்டமும் 244-க்குள் இருக்கிறது. இதை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். அதோடு முடிந்திருக்க வேண்டிய ஆள் 1998-ல் கை எலும்பு முறியும்வரை ஒரு ஆட்டம் விடவில்லை. 2025-ல் ஜாக் கிரிஸ்ப் தாண்டும்வரை அந்தச் சாதனையை யாரும் தொடவில்லை.

நடுவில் 1991-ல் பிரௌன்லோ பதக்கம். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நடுவர்கள் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதக்கம் அது. சீசன் முடிவில் 25 ஓட்டு அவருக்கு. அவர் ஆடிய இடம் ரக். அந்தக் காலத்தில் நடுவர் பந்தைத் தரையில் அறைந்து மேலே எழுப்பும்போது இரண்டு நெடிய ஆட்கள் எம்பித் தட்டுவார்களே, அந்த இடம். பழைய ரக்மேன்கள் கனத்த உடம்புக்காரர்கள். தட்டிவிட்டு மூச்சு வாங்குவார்கள். இவர் தட்டிவிட்டு ஓடினார். சின்ன உடம்புக்கார மிட்ஃபீல்டர்களோடு போட்டி போட்டுக்கொண்டு மைதானத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடி, உயரே வரும் பந்தைப் பிடித்தார். கேலிக் கால்பந்தில் வளர்ந்த ஓட்டமும் கையும் அங்கே பயன்பட்டன. 1987-ல் அவரைக் கவிழ்த்த அதே ஓட்டம்தான் இது. நான்கு வருடத்தில் அதை எங்கே நிறுத்துவது என்று கற்றுக்கொண்டிருந்தார்.

நான் அவர் ஆடிப் பார்த்தது கடைசிக் காலத்தில். 1997 குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, வேலை நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டேன். பெரியவர் மூன்றாவது கால்பகுதியில் என்னை உள்ளே கூட்டிப்போனார். அணி எப்போதோ தோற்றுவிட்டது. கூட்டத்தில் பாதி கிளம்பிவிட்டது. மழை. ஜெயிக்கவோ தோற்கவோ இனி ஒன்றும் இல்லை. 31 வயதில், தேய்ந்த முழங்காலோடு ஒரு மனிதர் பந்து போகும் திசையெல்லாம் போய்க்கொண்டிருந்தார். பந்து அவருக்கு வராத இடத்துக்கும் போனார். வந்திருந்தால் அங்கே ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக. பெரியவர் அவரைக் காட்டி, இருக்கைக்கு அடியில் என்பதுபோலக் கையைக் கவிழ்த்துக் காட்டினார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்தது. அன்றிரவு என் வரிசைகள் எல்லோருக்கும் கடைசியாகத்தான் முடிந்தன. அவர் வந்து பார்க்கவும் இல்லை.

அந்த வருடம், கடைசி இடத்தில் வந்த அணியில், கிளப்பின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். 1995, 96, 97 என்று தொடர்ந்து மூன்று வருடம்.

இப்போது உங்களைத் திட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டு சுளுக்கோடு பிள்ளையை ஆட விட்டது பெருமையா? ஸ்டைன்ஸ் விலாவில் அடிபட்டு ஆடினார், முழங்கால் காயத்தோடு ஆடினார். உண்மை. அதைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசுகிறார்கள். எனக்கு அவர் வாழ்க்கையில் மிகக் குறைவாகப் பிடித்த பகுதி அது. அவர் வளர்ந்த ஆண், அது அவர் தொழில், பக்கத்தில் கிளப் மருத்துவர் இருந்தார். உங்கள் மகனுக்கு எலும்பு இன்னும் வளர்ந்து முடியவில்லை. இப்போது இந்த ஆட்டத்தை நடத்தும் ஏஎஃப்எல் அமைப்பே தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று தெரிந்தால் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது என்று 2021-லிருந்து விதி வைத்திருக்கிறது. வலியோடு ஆடுவதைக் கொண்டாடிய காலத்தின் விலையைப் பார்த்த பிறகுதான் அது வந்தது. நீங்கள் 244 என்ற எண்ணை எடுத்துக்கொண்டீர்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது 1985-ஐ. பார்க்க யாரும் இல்லாத பயிற்சித் திடலில் அவர் பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு விட்டுப் பழகிய அந்த வருடத்தை. உங்கள் மனைவி இந்த விஷயத்தில் உங்களைவிடத் தெளிவாக இருக்கிறார். அவர் பேச்சைக் கேளுங்கள்.

கோச் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் என்ன அர்த்தத்தில் சொன்னாரோ தெரியாது. மெல்பர்ன் கிளப்களில் ஒருவனை உழைப்பாளி என்று சொன்னால் அது சில நேரம் பெரிய மரியாதை. நீங்கள்தான் அதை மொழிபெயர்க்கும்போது நம் ஊர் ஆனாவையும் சேர்த்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை அவரிடம் நேராகக் கேளுங்கள்: இவன் எதில் பின்தங்கியிருக்கிறான், எதைச் சரிசெய்ய வேண்டும்? நல்ல கோச்சாக இருந்தால் அதற்குப் பதில் வைத்திருப்பார்.

ஸ்டைன்ஸ் ஆடிக்கொண்டிருக்கும்போதே, 1994-ல், பால் கரியோடு சேர்ந்து ரீச் என்ற அமைப்பை ஆரம்பித்தார். உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசவைக்கும் அமைப்பு. ஒரு விளையாட்டு வீரர் பள்ளிகளுக்குப் போனால் வெற்றிக் கதைதான் சொல்வார். இவர் குறுக்கே ஓடிய கதையைச் சொன்னார். 2008-ல் கடனில் மூழ்கிக் கிடந்த அதே கிளப்புக்குத் தலைவராக வந்தார். அடுத்த வருடம் தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. பல அறுவைச் சிகிச்சைகளுக்கு நடுவே கிளப்பின் கடனை அடைத்தார். 2012 மார்ச் 20 அன்று இறந்தார், 45 வயது. செயின்ட் பால் கதீட்ரலில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. நான் வெளியே தெருவில் நின்றேன். பெரியவர் அப்போது இல்லை. அவர் இருந்திருந்தால் அந்தத் துண்டைச் சட்டைக்கு வெளியே போட்டிருப்பார்.

2021-ல் கிளப் கோப்பையை வென்றபோது கோவிட் காரணமாக ஆட்டம் பெர்த்தில் நடந்தது. நாமெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். 74 புள்ளி வித்தியாசம். நான் தொலைக்காட்சி முன்னால் தனியாக எழுந்து நின்றேன்.

அயர்லாந்திலிருந்து வந்தவர்களில் அதிக ஆட்டம் ஆடியவர் என்ற பெயர்கூட இப்போது அவரிடம் இல்லை. அவருடைய 264-ஐ 2023-ல் ஸாக் டூஹி தாண்டிவிட்டார். தாண்டட்டும். டூஹி கோப்பையும் வாங்கியிருக்கிறார். உங்களுக்கு அந்த உதாரணம் பிடிக்கும்.

எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்டீர்கள். மெல்பர்ன் கிளப்பில் 1985-ல் யாரையாவது கேட்டிருந்தால் இந்த அயர்லாந்துப் பையனைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள்? உங்கள் மகனைப் பற்றி எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவன் பதினாறு வயதில் ஃபுட்டியை விட்டுவிட்டு வேறு எதற்காவது போகலாம். போகட்டும். ஆனால் அந்தக் கார்ப் பேச்சை முதலில் சரிசெய்யுங்கள். அவனிடம் போய், அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். அப்பா தப்பென்று ஒத்துக்கொண்டால் பிள்ளைக்கு அவர் மேல் மரியாதை குறையாது.

அப்புறம் ஒரு விஷயம் நீங்கள் எழுதவே இல்லை. மூன்று வருடம் அவன் ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்கள், அவன் எந்தக் காலால் உதைக்கிறான்? பந்தைக் காலுக்கு விடும்போது கை எங்கே இருக்கிறது? மார்பு உயரத்தில் விடுகிறானா, தொடைவரை கொண்டுபோகிறானா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். மணிக்கட்டு முழுதாக ஆறட்டும். அதற்குப் பிறகு, உதைக்காமல், பந்தை விட்டு விட்டு மட்டும் தினம் பத்து நிமிடம் பழகச் சொல்லுங்கள். முனை நிமிர்ந்து விழுகிறதா என்று எதிரே நின்று ஒருவர் பார்த்துச் சொன்னால் சீக்கிரம் வரும். இத்தனை நாள் அவன் வீட்டுக்குப் பின்னால் தனியாகத்தான் உதைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நீங்கள் போய் எதிரே நில்லுங்கள்.

அன்புடன்.